அத்தியாயம் 5: ஆங்கிலத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் பொறியியல் வழியில் சேரும் பிள்ளைக்குத் தமிழ் வீடுகளில் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: “முதல்ல மேத்ஸையும் ஃபிசிக்ஸையும் முடிடா. இங்கிலீஷ் எங்க ஓடியா போகப்போகுது? அப்புறம் பாத்துக்கலாம்.” அக்கறையோடு சொல்வதுதான், ஆனாலும் தவறு. பொறியியல் அறிமுக வகுப்பையும் ஆங்கில எழுத்து வகுப்பையும் முதல் பருவத்திலேயே சேர்த்து எடுங்கள் என்பேன். பிளஸ் டூவை ஊரில் முடித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்தவர்கள், யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் எழுதிவிட்டு வந்தவர்கள், இங்கேயே பள்ளி முடித்தும் ஆங்கிலக் கட்டுரை என்றால் நடுங்குகிறவர்கள் என எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதலில் நாட்காட்டி

கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகம் ஒன்றின் மூன்றாம் ஆண்டுக்கு மாற, மாற்றத்தக்க 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். டி ஆன்சா, ஃபுட்ஹில் போல காலாண்டு முறையில் நடக்கும் கல்லூரிகளில் அது 90. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். அதே விதிக்குள் ஆங்கில எழுத்து வகுப்புகள் இரண்டு கட்டாயம் என்று இருப்பதைத்தான் பலர் தாமதமாகக் கவனிக்கிறார்கள். இரண்டாவதில் சேர முதலாவது முடிந்திருக்க வேண்டும் என்பதால், ஒரே பருவத்தில் இரண்டையும் முடித்துத் தலைமுழுக வழியில்லை. கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) பக்கம் போனாலும் தப்பிக்க முடியாது. அங்கே ‘கோல்டன் ஃபோர்’ என்று நான்கு அடிப்படைகளைக் கேட்பார்கள்: பேச்சு, எழுத்து, தர்க்கச் சிந்தனை, கணிதம். நான்கில் கணிதம் ஒன்றே ஒன்றுதான்.

அடுத்த இலையுதிர் பருவத்துக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் போய்விடும். தேவையான வகுப்புகள் வசந்தப் பருவத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். இரண்டே ஆண்டில் மாற நினைப்பவருக்கு மொத்தம் நான்கு பருவம். மூன்றாவது பருவத்தில் பன்மாறிக் கால்குலஸ், மின்சாரமும் காந்தமும், ஸ்டாட்டிக்ஸ் மூன்றும் ஒன்றாக வந்து விழும். அந்த வாரங்களில் பத்துப் பக்கக் கட்டுரைக்கு எங்கே போவீர்கள்? முதல் பருவத்தில் மட்டும்தான் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும். கால்குலஸ் முடியாமல் இயக்கவியல் எடுக்க முடியாது, அது முடியாமல் ஸ்டாட்டிக்ஸ் எடுக்க முடியாது. அறிமுக வகுப்புக்கு இப்படி நீண்ட முன்தேவை கிடையாது. அந்த இடத்தில்தான் ஆங்கிலத்தையும் வைக்க வேண்டும்.

‘கீழ்நிலை ஆங்கிலம்’ இப்போது எங்கே?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இங்கே படித்த உறவினர் யாரிடமாவது கேட்டால் வேறு கதை சொல்வார்கள். சேரும்போதே கம்ப்யூட்டரில் அக்யுபிளேசர், காம்பஸ் என்று ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் மதிப்பெண் குறைந்தால் கல்லூரி நிலைக்கு ஒரு படியோ மூன்று படியோ கீழே ‘டெவலப்மென்டல்’ வகுப்பில் போடுவார்கள். அதில் வாங்கும் யூனிட் எந்தப் பல்கலைக்கழகத்திலும் செல்லாது. படிப்படியாக ஏறினால் போயிற்று என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் அதன் கொடுமை தெரியும். மூன்று படி கீழே இருப்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் தேற வேண்டும், தேறிய பின் அடுத்ததில் சேரவும் வேண்டும். ஆக ஆறு கதவுகள். ஒவ்வொரு கதவையும் நூற்றுக்கு எண்பது பேர் தாண்டுவதாக வைத்துக்கொண்டாலும், ஆறும் தாண்டி உண்மையான கல்லூரி ஆங்கில வகுப்பின் வாசலுக்கு வந்து சேர்வது நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் அல்ல. வேலை, குழந்தை, வாடகை என்று ஏதோ ஒரு கதவுக்கு முன்னால் நின்றுவிட்டவர்கள்.

ஹேவர்டில் உள்ள சாபோ கல்லூரியின் ஆங்கில ஆசிரியை கேட்டி ஹெர்ன் போன்றவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் சண்டை போட்டார்கள். நாட்டின் மறுகோடியில், பால்டிமோர் கவுன்டி கம்யூனிட்டி காலேஜில், பீட்டர் ஆடம்ஸ் 2007-இல் வேறொரு ஏற்பாட்டைத் தொடங்கினார். கீழ்நிலைக்கு அனுப்ப வேண்டிய எட்டுப் பேரை மற்ற பன்னிரண்டு பேரோடு நேராகக் கல்லூரி ஆங்கில வகுப்பிலேயே உட்கார வைத்தார். வகுப்பு முடிந்ததும் அந்த எட்டுப் பேருக்கு மட்டும் அதே ஆசிரியர் இன்னொரு மணி நேரம் நடத்துவார். பிறகு நாடு முழுக்கப் பரவிய ‘கோரெக்விசிட்’ முறைக்கு இது பெரிய முன்மாதிரி ஆயிற்று.

கலிஃபோர்னியாவில் 2017-இல் கையெழுத்தான ஏபி 705 சட்டமும், 2022-இல் வந்த ஏபி 1705 சட்டமும் பழைய படிக்கட்டை ஏறக்குறைய இடித்துவிட்டன. உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணே இப்போது போதும், நுழைவுத் தேர்வு இல்லை. ஓராண்டுக்குள் கல்லூரி நிலை ஆங்கிலத்தை முடிக்க வழி இருக்க வேண்டும். அந்த வகுப்பின் எண்ணும் மாறியிருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் வெவ்வேறு எண்ணில் இருந்தது, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து ‘இங்கிலீஷ் சி1000’ என்ற பொது எண்ணுக்கு வந்திருக்கிறது. பழைய எண்ணைச் சொல்லித் தேடும் சீனியர்களை நம்பி அலையாதீர்கள்.

ஊரிலிருந்து நேராக வந்தவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஈஎஸ்எல், அதாவது ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்புகள். இது தனித் தடம். இந்தத் தடத்தில் சேர்பவர் மூன்று ஆண்டுக்குள் கல்லூரி நிலை ஆங்கிலத்தை முடிக்க வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இதில் யூனிட் இல்லாத ‘நான்கிரெடிட்’ வகுப்புகளுக்குக் கட்டணமும் இல்லை. மற்றது, துணை வகுப்போடு கூடிய கல்லூரி நிலை ஆங்கிலம். எது உங்களுக்கு என்பதைப் பெரும்பாலும் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். ஒரு கேள்வித்தாள் தருவார்கள், மாதிரிப் பத்தி காட்டுவார்கள். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். ஆங்கில நாளிதழ் ஒன்றின் தலையங்கத்தைப் படியுங்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார், உங்களுக்கு அதில் எது ஒப்பவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். இலக்கணம் எத்தனை இடத்தில் சறுக்கினாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் நிரம்பியதென்றால் துணை வகுப்போடு நேராகச் சேருங்கள். தலையங்கமே புரியவில்லை என்றால் ஈஎஸ்எல்-இல் ஒரு பருவம் இருப்பது வீண் அல்ல. கௌரவம் பார்த்து அதைத் தவிர்த்து, பிறகு முதல் கட்டுரையிலேயே கழன்றுகொள்கிறவர்கள் உண்டு.

துணை வகுப்பு எடுப்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டையும் ஒரே ஆசிரியர் நடத்துகிறாரா? நேர அட்டவணையிலேயே தெரிந்துவிடும். ஆடம்ஸின் ஏற்பாட்டுக்கு உயிர் அதில்தான் இருந்தது. வேறு வேறு ஆள் என்றால் ஒருவர் கொடுத்த வேலை இன்னொருவருக்குத் தெரியாமல், உங்களுக்கு வேலை இரட்டிப்பாகும்.

அறிமுக வகுப்பில் என்ன நடக்கும்

‘இன்ட்ரொடக்‌ஷன் டு எஞ்சினியரிங்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகை வகுப்புகள் உலவுகின்றன. ஒன்றில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று வாரம் ஒரு துறையாக விருந்தினர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். யூனிட்டும் குறைவு. இன்னொன்றில் நீங்கள் கையால் எதையாவது செய்தாக வேண்டும்: பால்சா மரக்குச்சியில் பாலம், ஆர்டுயினோ பலகையில் சின்னக் கருவி, காற்றாலை இறக்கை. இரண்டாவது வகை உங்கள் கல்லூரியில் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். சிலபஸை முன்கூட்டியே வாங்கி, மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று பாருங்கள். அறிக்கைக்கும் பேச்சுக்கும் கணிசமாக ஒதுக்கியிருந்தால் நல்ல வகுப்பு.

சேருவதற்கு முன் அசிஸ்ட் இணையதளத்தில், உங்கள் கல்லூரியையும் போக நினைக்கும் வளாகத்தையும் துறையையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்த அறிமுக வகுப்பு சில வளாகங்களில் மேஜர் தேவையாகவே கணக்கில் வரும், சிலவற்றில் வெறும் யூனிட்டாகத்தான் வரும். வெறும் யூனிட் என்றாலும் எடுக்கலாம் என்பது என் கருத்து. மூன்று கால்குலஸையும் முடித்த பிறகு “எனக்கு இது வராது” என்று கண்டுபிடிப்பதைவிட, யூனிட்டுக்கு 46 டாலர் கட்டி முதல் பருவத்திலேயே தெரிந்துகொள்வது மலிவு.

பாடத்தின் முதல் வாரங்கள் சலிப்பாக இருக்கும். அலகுகள், பரிமாணச் சரிபார்ப்பு, முக்கிய இலக்கங்கள். ஊரில் எட்டாம் வகுப்பிலேயே படித்தாயிற்று என்று நினைத்து நம் பிள்ளைகள் கண்ணயர்வது இங்கேதான். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது இந்த எட்டாம் வகுப்புப் பாடத்தால்தான். ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் எண்ணைத் தந்தது, அதை வாங்கியவர்கள் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு-விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். எண் ஒவ்வொன்றும் அத்தனை மடங்கு பிசகியிருந்தது.

பொறியாளரின் கடமை பற்றிய வாரம்தான் எனக்குப் பிடித்தது. கேன்சஸ் சிட்டியின் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் நடைபாலங்கள் இடிந்த சம்பவத்தைப் பல வகுப்புகளில் எடுப்பார்கள். 1981 ஜூலை 17 அன்று, கூடத்தில் நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், இரண்டாம் மாடி, நான்காம் மாடி நடைபாலங்கள் இரண்டும் கீழே விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். காரணத்தை முதல் பருவ மாணவனே காகிதத்தில் வரைந்து பார்க்கலாம். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். செய்வதற்குச் சிரமம் என்று கட்டும்போது அதை இரண்டு துண்டாக்கினார்கள்: கூரையிலிருந்து நான்காம் மாடிவரை ஒரு கம்பி, நான்காம் மாடியின் உத்தரத்திலிருந்து இரண்டாம் மாடிவரை இன்னொன்று.

ஒரே கயிற்றை இருவர் தனித்தனியே பிடித்துத் தொங்குவதற்கும், மேலே தொங்குகிறவன் காலை இன்னொருவன் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கயிற்றுக்குப் பாரம் ஒன்றுதான், மேலே உள்ளவன் கைப்பிடிக்கு மட்டும் இரண்டு மடங்கு. அதுபோல நான்காம் மாடி உத்தரத்தில் நட்டு உட்காரும் இடத்தில் சுமை இரட்டிப்பானது. இத்தனைக்கும் முதல் வடிவமைப்பே கட்டடச் சட்டம் கேட்ட வலுவைத் தரவில்லை என்று விசாரணை சொன்னது.

இந்த மாற்றத்தை யார் ஒப்புக்கொண்டது? ஃபோனில் கேட்டுச் சம்மதம் வாங்கினோம் என்றது ஒரு தரப்பு, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றது மறுதரப்பு. பொறியாளரின் முத்திரை மட்டும் வரைபடத்தில் இருந்தது. “கம்பியை இரண்டாக்குகிறோம், இந்த இணைப்பில் சுமை மாறுகிறது, கணக்கைச் சரிபார்த்துத் தரவும்” என்று இரண்டு வரி எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கணக்குப் போட்டிருப்பார். ஆங்கில வகுப்பில் ‘யாருக்கு எழுதுகிறீர்கள், அவர் என்ன செய்ய வேண்டும்’ என்று ஆசிரியர் திரும்பத் திரும்பக் கேட்பார். கட்டுரைக்கு மட்டும் கேட்கும் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள்.

பாலம் உடைந்த பிறகு எழுதும் பத்தி

மரக்குச்சிப் பாலத்தில் வாளியைத் தொங்கவிட்டு, மணலைக் கொட்டிக்கொண்டே போய், உடையும் எடையைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் அறிக்கை. நம் பிள்ளைகள் எழுதும் வாக்கியம் இப்படி இருக்கும்: “பிரிட்ஜ் இஸ் பிரேக்ட் அட் 14 கேஜி, வீ திங்க் க்ளூ இஸ் நாட் குட், நெக்ஸ்ட் டைம் வீ வில் யூஸ் பெட்டர் க்ளூ.”

ஆங்கில ஆசிரியர் இதில் மூன்று குறை காண்பார். ‘தி’ எங்கும் இல்லை. வினைச்சொல் பிழை. மூன்று தனி வாக்கியங்களை வெறும் காற்புள்ளி போட்டு ஒட்டியிருக்கிறது. மூன்றுக்கும் வேர் உண்டு. ‘தி’ போன்ற ஒன்று தமிழில் கிடையாது. ‘செய்து, முடித்து, வந்து’ என்று வினையெச்சங்களாலேயே முழுப் பத்தியை ஒரே வாக்கியமாக ஓட்டிப் பழகிய கைக்கு, ஆங்கிலத்தில் எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று தெரிவதில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் எல்லாருக்கும் கதவைத் திறந்தபோது வந்து குவிந்த மாணவர்களின் 4,000 நுழைவுக் கட்டுரைகளை மீனா ஷானசி உட்கார்ந்து படித்தார். பிழைகள் சோம்பலால் வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று 1977-இல் ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நூலில் காட்டினார். உங்கள் பிழைகளையும் அப்படியே பாருங்கள். ஆசிரியர் திருத்திக் கொடுத்த முதல் இரண்டு கட்டுரைகளை எடுத்து, திரும்பத் திரும்ப வருபவை எவை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலானவருக்கு நாலைந்து வகைக்கு மேல் இருக்காது. அடுத்த கட்டுரையைக் கொடுக்கும் முன் அந்த நாலைந்தை மட்டும் தேடித் திருத்தினால் போதும்.

அதே வாக்கியத்தைப் பார்க்கும் பொறியியல் ஆசிரியரின் கவலை வேறு. 14 கிலோ என்பது நிறை. பாலத்தின்மேல் இருந்த விசை என்ன? ஏறத்தாழ 137 நியூட்டன் என்று எழுத வேண்டும். எந்த இணைப்பு விட்டது? குச்சி முறிந்ததா, பசை கழன்றதா? கீழ்வரிசைக் குச்சிகள் இழுவிசையில் இருப்பவை, மேல்வரிசை அமுக்கத்தில். எந்த வரிசையில் முறிந்தது என்று சொன்னாலே பாதிக் காரணம் வெளியே வந்துவிடும். ‘பசை சரியில்லை’ என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

இரண்டு ஆசிரியர்களும் சுட்டுவது ஒரே நோயைத்தான். நடந்தது, நினைப்பது, செய்யப்போவது மூன்றும் ஒரே மூச்சில் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் தனித்தனி வாக்கியமாகப் பிரித்தவுடன் காற்புள்ளிப் பிழை போய்விடும். கூடவே, நடுவில் ஆதாரம் இல்லாத ஓட்டையும் பளிச்சென்று தெரியும். இரண்டு வகுப்பையும் ஒரே பருவத்தில் எடுப்பதன் லாபம் இதில்தான் இருக்கிறது. பாலத்தின் அறிக்கையை ரைட்டிங் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போகலாம், அங்கே ஆங்கிலக் கட்டுரையை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று விதி ஏதும் இருக்காது. ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்பை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றால், ஹயாட்டையோ சேலஞ்சர் விண்கல விபத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலகத் தேடல் இரண்டு வகுப்புக்கு உதவும். ஆனால் ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் கொடுக்காதீர்கள். அதையும் காப்பியடித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தமிழில் எழுதி இயந்திரத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் பழக்கம் பரவிவிட்டது. ஆசிரியருக்கு ஆசிரியர் விதி வேறுபடும், சிலபஸில் எழுதியிருப்பார்கள். விதி எதுவானாலும் முதல் வரைவு உங்கள் சொந்த ஆங்கிலத்தில் இருக்கட்டும். இரண்டாவது கட்டுரையை வகுப்பிலேயே உட்கார வைத்து எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் இப்போது நிறைய.

வாரக் கணக்கும் சில பழக்கங்களும்

ஒரு யூனிட் என்றால் பருவம் முழுக்க ஏறத்தாழ 48 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து. மூன்று யூனிட் ஆங்கிலத்துக்கு 144 மணி. பதினாறு வாரத்தில் வகுத்தால் வாரம் ஒன்பது மணி. அதன்மேல் துணை வகுப்பு. வாரம் இருபது மணி நேரத்துக்குமேல் வேலைக்குப் போகிறவர் கால்குலஸையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் முன் இந்தக் கூட்டலைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்கு அனுப்பும் மெயிலில் ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். ‘புரொஃபசர்’ என்று போட்டுக் குடும்பப் பெயரை எழுதினால் போதும். எந்த வகுப்பு, எந்த நாள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஆபிஸ் அவர்ஸ் என்பது தப்பு செய்தவனைக் கூப்பிட்டு விசாரிக்கும் நேரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த நேரத்தில் மாணவர்களுக்காக உட்கார்ந்திருப்பது ஆசிரியரின் வேலையில் ஒரு பகுதி, உங்கள் கட்டணத்திலும் ஒரு பகுதி. இரண்டாம் வாரத்திலேயே ஒரு பத்தியோடு போய்வாருங்கள். கல்லூரியில் மேசா மையம் இருந்தால் அங்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான இடம் அது.

எல்லாம் செய்தும் பருவத்தின் நடுவில் சமாளிக்க முடியாமல் போகலாம். ஆரம்ப வாரங்களில் விலகினால் பதிவேட்டில் சுவடே இருக்காது. அதன் பிறகு, பருவத்தின் முக்கால் பங்கு கடக்கும்வரை, விலகினால் ‘டபிள்யூ’ விழும். ஒரே வகுப்பை மூன்று முறைக்குமேல் முயல விடமாட்டார்கள், டபிள்யூவும் ஒரு முயற்சியாகவே எண்ணப்படும். மொத்தம் 12 யூனிட்டுக்குக் கீழே போனால் முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடும், நிதியுதவியும் அசையும். எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் விலகுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டில் ஒன்றை விட்டே தீர வேண்டும் என்றால், பொறியியல் அறிமுகத்தை விடுங்கள். அது அடுத்த பருவத்திலும் கிடைக்கும், பெரும்பாலும் அதற்குப் பின்னால் எந்த வகுப்பும் காத்து நிற்பதில்லை. ஆங்கிலத்தை விட்டால் இரண்டாவது ஆங்கிலமும் ஒரு பருவம் தள்ளும், யூசி விண்ணப்பமும் அதோடு ஓராண்டு தள்ளிப்போகக்கூடும்.